24 மணி நேரக் கேனும் காணாமல் போன 8 கிலோ தசையும்

உடம்பில் தசை எத்தனை கிலோ என்று பார்க்கும் ஆசையில் போன மாதம் 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் ஒரு கேனில் பிடித்துக் கொடுத்து, அதில் கிரியாட்டினின் (creatinine) என்ற கழிவு எவ்வளவு என்று சோதனை செய்தேன். தசையில் இருக்கும் கிரியாட்டின் (creatine) என்ற பொருளில் நாளொன்றுக்குச் சுமார் 1.7 சதவீதம் தானாகவே கிரியாட்டினினாக மாறிச் சிறுநீரில் போய்விடும். ஒரு நாளில் 1 கிராம் போனால் 17 முதல் 20 கிலோ தசை என்பது பழைய கணக்கு.

எனக்கு வந்தது 1.1 கிராம். 20 ஆல் பெருக்கியும் 22 கிலோதான். 75 கிலோ எடை, தினமும் பளு தூக்குகிறவன், எப்படி நம்புவேன்? அப்புறம்தான் உறைத்தது. நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து, நேரே கழிப்பறைக்குப் போய், தண்ணீரையும் திறந்துவிட்ட பிறகுதான் ஃபிரிட்ஜில் இருந்த கேன் நினைவுக்கு வந்தது. ஒரு தடவைதானே என்று யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை கழிப்பறைக் கதவில் 'கேன்' என்று சீட்டு ஒட்டினேன். காலை 6 மணிக்குப் போன முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன்பின் எல்லாவற்றையும் பிடித்து, மறுநாள் 6 மணிக்குப் போனதையும் சேர்த்தேன். 1.5 கிராம். அதே 20 ஆல் பெருக்கினால் 30 கிலோ!

⸻

எனக்கு நேர்மாறு நண்பரே. சில நாள் முன்பிருந்தே கறி, மீன் வேண்டாம் என்றார்கள். முதல் நாள் இரவு விருந்து, கை கேட்கவில்லை. கறியைச் சமைக்கும்போதே அதிலுள்ள கிரியாட்டினில் கொஞ்சம் கிரியாட்டினினாக மாறிவிடுமாம், அது அப்படியே சிறுநீரில் இறங்கிவிட்டது. இல்லாத தசைக்குப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

⸻

ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கேனிலிருந்து சின்னப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி எடுத்து வருவார்கள். "மொத்தம் எவ்வளவு இருந்தது?" என்றால், "அதைக் கொட்டிட்டேனே" என்பார்கள். நாங்கள் அளப்பது செறிவு மட்டும். டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, 83 மில்லிகிராம் என்றால், மொத்தம் 1.8 லிட்டர் என்று தெரிந்தால்தானே 1.5 கிராம் கிடைக்கும்? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கையே போடாதீர்கள், தசை குறைவாகத்தான் காட்டும்.

⸻

சிறுநீரில் 3-மெத்தில்ஹிஸ்டிடின் என்ற பொருளைப் பார்த்தால் சரியாக வருமா சார்?

⸻

அது பெரும்பாலும் தசைப் புரதம் எவ்வளவு உடைகிறது என்று பார்க்கத்தான் தம்பி. அதற்கும் கறி ஆகாது, கேனும் உண்டு.