சின்ன சபை, சோர்ந்துபோன போதகர்: கூட இருந்தவர்கள் சொல்கிறார்கள்

ஓய்வுபெற்ற குருவானவர், நாசரேத் பக்கம்:

ஒரே கோயிலைப் பார்க்கிறவர் கஷ்டம் வேறு, சேகரம் என்று நாலைந்து கிராம சபைகளை ஒன்றாக வைத்துக்கொண்டு பைக்கில் ஓடுகிறவர் கஷ்டம் வேறு. எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஊர்களில், எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசன பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் கோயில் கொள்ளாது. சென்னை, கோவை, துபாய் என்று போனவர்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள். அடுத்த ஞாயிறு பார்த்தால் முன்வரிசையில் நாலு பாட்டிகள். இதைப் பார்த்துப் பார்த்தே இளம் குருமார் உள்ளுக்குள் விட்டுப்போகிறார்கள்.

பக்கத்துச் சேகரத்துக் குருவானவர் ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "ஐயா, மாற்றல் கேட்டு எழுதிட்டேன்" என்றார். அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறுகளில் பெரிய ஊரில் எட்டரைக்கு ஆராதனை. அங்கிருந்து ஒவ்வொரு ஊராக முடித்துக் கடைசி ஊருக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டு தாண்டிவிடும். காலங்காலமாக இதே வரிசைதான். நேரத்தை மாற்றிப் போடலாமே என்று கமிட்டியில் கேட்டிருக்கிறார். "எங்க தாத்தா காலத்துல இருந்து எட்டரை மணி" என்று ஒருவர் எழுந்திருக்க, பேச்சு அதோடு முடிந்தது.

நான் சொன்னேன்: கமிட்டியை இப்போதைக்கு விடுங்கள். பெரிய ஊரில் யார் சொன்னால் எடுபடுமோ, அந்தப் பழைய பொருளாளரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கடைசி ஊருக்கு ஒரு ஞாயிறு போய் வாருங்கள். வாதம் எதுவும் வேண்டாம்.

போயிருக்கிறார்கள். கோயில் வாசலில் வேப்பமர நிழல் நகர நகர, கிழவிகளும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். திருவிருந்து எடுக்கும்வரை சாப்பிடக் கூடாது என்று காலையிலிருந்து வெறும் தண்ணீர். ஒரு பாட்டி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஐயா, இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டீங்களே" என்றாராம். மணி பன்னிரண்டே கால்!

திரும்பும் வழியெல்லாம் பெரியவர் வாய் திறக்கவில்லை. அடுத்த கமிட்டியில் நேரத்தை மாற்றும் தீர்மானத்தைக் கொண்டுவந்தது அவர்தான். அதுவும் "லெந்து நாட்களுக்கு மட்டும் பார்ப்போம்" என்று, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்கு மட்டும். ஒரு கெடு வைத்ததால் எதிர்த்தவர்களுக்கும் முகம் கெடவில்லை. ஈஸ்டர் முடிந்தும் புது நேரம் தொடர்கிறது. ரெண்டு குடும்பம் இன்னும் முணுமுணுக்கிறது, அது இருக்கத்தான் செய்யும். மாற்றல் மனுவைக் குருவானவர் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பாஸ்டரம்மா, திருப்பூர்:

நாங்கள் சுயாதீன சபை, மாடியில் வாடகை ஹால். விசுவாசிகள் பாதிப்பேர் பனியன் கம்பெனி வேலைக்காரர்கள். ஷிப்மெண்ட் நெருங்கினால் ஞாயிறும் ஷிப்ட் ஓடும், சேர்கள் காலியாகக் கிடக்கும். ஆர்டர் குறைந்தால் குடும்பத்தோடு ஊருக்கே போய்விடுவார்கள். ஞாயிறு ராத்திரி என் வீட்டுக்காரர் யூடியூபில் பெரிய பெரிய சபைகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். திங்கட்கிழமை யாரோடும் பேச மாட்டார்.

போதகர் ஐக்கியத்திலிருந்து ஒரு மூத்த பாஸ்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். பெரிய ஜெபம் பண்ணுவார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மா நேராகச் சமையல்கட்டுக்கு வந்து என்னோடு வெங்காயம் உரித்தார். ஐயா சாப்பிட்டுவிட்டு, "ஞானஸ்நான ரிஜிஸ்டர் எடுத்துட்டு வாங்க" என்றார். ஒவ்வொரு பேராகப் படித்து, இவர் இப்ப எங்கே, இவர் எங்கே என்று கேட்டுக்கொண்டே போனார். ஒரு தம்பி ஓசூரில் வீட்டுக் கூட்டம் நடத்துகிறான். ஒரு அக்கா போடிப் பக்கம் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுக்கிறார். என் வீட்டுக்காரர் அங்கேயே ரெண்டு பேருக்குப் போன் போட்டார். அவர் சிரித்ததைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

சூரைச்செடியின் கீழே படுத்து "போதும் கர்த்தாவே" என்ற எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் பிரசங்கமா பண்ணினான்? தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான், திரும்பத் தூங்க விட்டான். ஊழியக்காரர்களைத் தேற்ற வருகிறவர்கள் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19ஐ ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு வந்தால் நன்றாக இருக்கும்.

கமிட்டி உறுப்பினர், சாயர்புரம் பக்கம்:

எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். மாற்றலில் வருகிற ஒவ்வொருவரும் ஒரு புதுத் திட்டத்தோடு வருகிறார். ஒருவர் கீபோர்டு, அடுத்தவர் புரொஜெக்டர், அதற்கடுத்தவர் பீடத்தை இடித்துக் கட்டணும் என்பார். அவர் போன பிறகு கடனைக் கட்டுவது நாங்கள். "பழமைவாதிகள்" என்ற பட்டம் வேறு.

மோசேயின் மாமனார் எத்திரோ பாளயத்துக்கு வந்தவுடனே யோசனை சொல்லவில்லை. சாப்பிட்டார், மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை மருமகன் படும் பாட்டைப் பார்த்தார், அப்புறம்தான் "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார். புதிதாக வருகிற ஐயாமாரும் அதேபோல ஒரு அறுப்பின் பண்டிகை, ஒரு கல்யாணம், ஒரு சாவு எங்களோடு இருந்து பார்க்கட்டும். அப்புறம் என்ன சொன்னாலும் கேட்போம்.

சின்ன ஊர் என்று யாரும் சலித்துக்கொள்ளவும் வேண்டாம். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா வெள்ளாளன்விளைக்காரர். வெள்ளாளன்விளை என்ன பட்டணமா?

போதகர், ராமநாதபுரம்:

ஒன்று விட்டுப்போனது. எங்கள் ஐக்கியத்தில் ஒருவருக்கு வாரக்கணக்கில் தூக்கமில்லை, பிரசங்க மேடையிலேயே அழுதார். "ஜெபம் குறைஞ்சிருச்சு" என்று நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். நாங்கள் ரெண்டு பேர் அவரை மதுரையில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மாத்திரை எடுக்கிறார். அவருடைய ஞாயிறு பிரசங்கத்தை நாங்கள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டோம், காணிக்கை முழுவதும் அவர் வீட்டுக்கே போனது. பக்கத்து ஊர்ப் போதகருக்கு இப்படி இருந்தால், உபவாசக் கூட்டம் போடுவதற்கு முன்னால் வண்டியை எடுங்கள்.