உள் கதவு, வார்ட்ரோப் கதவு அளவு: நிலைக்கு ஆர்டர் கொடுக்கும் முன் கேட்கிறேன்

வயல்வீடு:

மன்னார்குடி பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பேஸ்மென்ட் முடிந்து சுவர் எழும்பத் தொடங்கிவிட்டது. வாசல் நிலை வைத்தாயிற்று, உள் அறை நிலைகளுக்கு இந்த வாரம் ஆர்டர் கொடுக்க வேண்டும். கூரை உயரம் 10 அடி.

எனக்கு முக்கியமான அறை அத்தையுடையது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார்கள். அறை 11க்கு 12. 12 அடிச் சுவரின் ஒரு மூலையில் கதவு, மீதியில் வார்ட்ரோப். கதவுக்கு 3 அடி, மூலையில் 3 அங்குலம் விட்டால் வார்ட்ரோப்புக்கு 8¾ அடி கிடைக்கிறது. பாத்ரூமுக்கு 2½ அடி நிலை போதும் என்கிறார் கொத்தனார்.

வார்ட்ரோப்புக்கு 2 அடி அகலத்தில் 4 கதவு போட்டு, ஓரத்தைப் பட்டை கொடுத்து மூடிவிடலாம், கீல் செலவு மிச்சம் என்று ஆசாரி சொல்கிறார். எனக்கு அது கனமாகத் தெரியும் போலிருக்கிறது. அக்கா மகன் உள் கதவெல்லாம் 8 அடி வைக்கச் சொல்கிறான், இப்போது அதுதான் அழகாம். கதவு அளவு 1க்கு 1.618 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எதை வைத்து முடிவு செய்வது?

செங்கல்சூளை:

நானும் திருவாரூர் மாவட்டம்தான். 8 அடிக் கதவு பெரிய ஹாலில் நன்றாக இருக்கும். ஆனால் லிண்டல் (கதவு, ஜன்னல் தலைக்கு மேலே ஓடும் கான்கிரீட் பட்டை) மட்டம் எல்லா இடத்திலும் 7 அடி என்றால் அதோடு போய்விடுங்கள். ஜன்னல் தலை ஒரு உயரம், கதவுத் தலை ஒரு உயரம் என்று இருந்தால் வெள்ளையடித்த பிறகு கண்ணை உறுத்தும்.

இழைப்புளி:

தங்கச்சி, நான் புதுக்கோட்டையில் மரவேலை செய்கிறவன். அப்பா நிலை, கதவு செய்தார். நான் இப்போது வார்ட்ரோப், கிச்சன் வேலைதான் அதிகம் செய்கிறேன்.

முதலில் அந்த 1.618. 7 அடிக் கதவை அதால் வகுத்தால் அகலம் 52 அங்குலம் வரும், அதாவது 4 அடி 4 அங்குலம். படுக்கையறைக்கு அப்படி ஒற்றைக் கதவு யாரும் போடமாட்டார்கள். கதவின் அகலம் அதில் நுழையும் ஆளைப் பார்த்து வர வேண்டும், உயரம் வீட்டின் லிண்டல் கோட்டைப் பார்த்து.

அடுத்து, 3 அடிக் கதவு என்று கொத்தனார் சொல்வது நிலையின் வெளி அளவு. 4க்கு 3 சட்டத்தில் நிலை செய்தால் இரண்டு பக்கமும் 3 அங்குலம் மரமே எடுத்துக்கொள்ளும். நடுவில் கிடைப்பது 30 அங்குலம். கதவு உட்கார நிலையில் இரண்டு பக்கமும் காடி (பள்ளம்) அரை அங்குலம் வெட்டுவதால் கதவு 31 அங்குலம் வரும். கதவு திறந்து நிற்கும்போது அதன் தடிமன் வழியில் ஒரு அங்குலத்தைத் தின்றுவிடும். ஆக, ஆள் போக 29 அங்குலம்தான். உங்கள் அத்தை அறைக்கு 3½ அடி நிலை சொல்லுங்கள். நடுவில் 36 அங்குலம், அதாவது 914 மி.மீ. கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு வழிகாட்டி கேட்பது 900 மி.மீ. திறப்பு. தடிமன் கழிந்தாலும் அதை ஒட்டி நிற்கும். கீல் மூலைச்சுவர் பக்கம் இருக்கட்டும், கதவு சுவரோடு சாய்ந்து நின்றுவிடும்.

இதனால் வார்ட்ரோப் இடம் 6 அங்குலம் குறைந்து 99 அங்குலம் ஆகும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 8க்கு 4 பிளைவுட் ஷீட்டின் அகலம் 48 அங்குலம். ரம்பம் தின்பது போக அதில் 15¾ அங்குலத்தில் 3 கதவு எடுக்கலாம், அல்லது 23¾ அங்குலத்தில் 2 கதவு. 6 கதவு என்றாலும் 2 ஷீட், 4 கதவு என்றாலும் அதே 2 ஷீட். ஆசாரி சொல்லும் மிச்சம் கீலில் மட்டும்தான். 7 அடியில், கீழே தரையை ஒட்டி வரும் 4 அங்குலப் பட்டை (ஸ்கர்ட்டிங்) போக கதவு 80 அங்குல உயரம் வரும். அதற்கு 4 கீல் வேண்டும். 6 கதவுக்கு 24, 4 கதவுக்கு 16. அந்த 8 கீலுக்காக அகலக் கதவை வாங்காதீர்கள். 18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டினால் 2 அடிக் கதவு ஏறத்தாழ 17 கிலோ நிற்கும். அந்தப் பாரம் கீலைத் தினமும் இழுக்கும். கொஞ்ச நாளில் ஒரு பக்கம் இறங்கி, பக்கத்துக் கதவை உரசும்.

உள்ளே பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. 6 கதவு என்றால் இரண்டிரண்டாக 3 பெட்டி, தட்டு ஒவ்வொன்றும் 31 அங்குல நீளம். 4 கதவு என்றால் 2 பெட்டி, தட்டு 4 அடி நீளம். பட்டுப்புடவை அடுக்கி வைத்தால் 4 அடித் தட்டு நடுவில் தொங்காமல் இருக்காது.

99 அங்குலத்தில் 6 கதவுக்கு 94½ போக மீதி 4½ அங்குலத்தை இரண்டு ஓரமும் 2¼ அங்குலப் பட்டையாக விடுங்கள். பூச்சுச் சுவர் எங்கேயும் நேர்தூக்காக இருக்காது. பட்டை இருந்தால் அதைச் செதுக்கிப் பொருத்தலாம், கடைசிக் கதவின் கைப்பிடியும் சுவரில் இடிக்காது. மேலே லாஃப்ட் கதவுகளையும் அதே 6 கோட்டில் பிரியுங்கள். கீழே 6, மேலே 4 என்று பிரித்த அலமாரியைப் பார்த்தாலே எனக்கு மனசு ஆறாது.

செங்கல்சூளை சொன்னது சரி. இன்னொரு காரணமும் இருக்கிறது: லாஃப்ட் சிலாப் லிண்டலோடு 7 அடியில் ஓடும். ஒரு கதவை மட்டும் 8 அடிக்கு ஏற்றினால் அந்தக் கோடு உடைந்துபோகும்.

வீட்டுக்குவரும்_பிசியோ:

அக்கா, எங்கள் வேலையில் அன்றாடம் பார்ப்பது இது. 2½ அடி நிலை என்றால் நடுவில் 24 அங்குலம்தான். வாக்கர் பெரும்பாலும் அதே அகலம் இருக்கும். வாசலில் அதைப் பக்கவாட்டில் திருப்பும்போதுதான் பெரியவர்கள் தடுமாறுகிறார்கள். பாத்ரூமுக்குக் குறைந்தது 3 அடி நிலை வையுங்கள், முடிந்தால் அதற்கு மேல். அகலத்தை விடப் பெரிய விஷயம், பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்துவிட்டால் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ள முடியாது. அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள் போடுங்கள். உயரமான படி வேண்டாம். உருண்டைக் குமிழுக்குப் பதில் அழுத்தித் திறக்கிற கைப்பிடி.

வார்ட்ரோப் விஷயத்திலும் அண்ணன் சொன்னதுதான். கட்டிலுக்கும் வார்ட்ரோப்புக்கும் நடுவே எவ்வளவு இருக்கும்?

வயல்வீடு:

30 அங்குலம் வரும். வார்ட்ரோப் 2 அடி ஆழம், கட்டில் 5 அடி, சுவரோரம் 1½ அடி. 2 அடிக் கதவு திறந்தால் அத்தை நிற்க 6 அங்குலம்தான் மிஞ்சும் என்று இப்போதுதான் புரிகிறது. கட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டால் 4 அடி கிடைக்கும், அப்படியே செய்கிறோம். 6 கதவு, 3½ அடி நிலை, பாத்ரூமுக்கு 3 அடி என்று இன்றே சொல்லிவிட்டேன். கொத்தனார் கொஞ்சம் முணுமுணுத்தார், அப்புறம் சரி என்றுவிட்டார்.

இழைப்புளி அண்ணா, கிச்சனுக்கும் இதே 15¾ போட்டுவிடலாமா? மேடைக்குக் கடப்பா கல் நிறுத்துவதற்குள் சொல்ல வேண்டும்.

இழைப்புளி:

அதற்குள் கேட்டது நல்லதாயிற்று. கடப்பா கல்லை எங்கே நிறுத்துகிறார்களோ அதுதான் கதவின் அகலத்தைத் தீர்மானிக்கும், பிறகு ஆசாரியால் ஒன்றும் செய்ய முடியாது. கல்லுக்குக் கல் உள்ளளவு 30 முதல் 36 அங்குலத்துக்குள் வைத்து, இரட்டைக் கதவாகப் பிரியுங்கள். கேஸ் சிலிண்டர் வைக்கும் இடத்தில் நடுக்கட்டை வேண்டவே வேண்டாம். 14.2 கிலோ சிலிண்டரின் விட்டமே ஏறத்தாழ 32 செ.மீ., ஒற்றைக் கதவு வழியாக அதைச் சாய்த்து இழுப்பது பெரும்பாடு.

மேடை 33 அங்குலம் என்றால் கிரானைட்டும் கீழ் ஸ்கர்ட்டிங்கும் போக 28 அங்குலம் மிஞ்சும். டிராயர் வைக்கும் இடத்தில் அதை மூன்று சம பாகமாகப் பிரிக்காதீர்கள். மேலே 6, நடுவில் 10, கீழே 12. கரண்டி மேலே, குக்கர் கீழே. கனமானது கீழே இருந்தால் பார்க்கவும் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சட்டம் வைத்த டிசைன் கேட்டால் கதவுகளுக்கு 2½ அங்குலச் சட்டம் போடலாம். அந்த 6 அங்குல டிராயரை மட்டும் வெறும் பலகையாக விடுங்கள், அங்கே சட்டம் போட்டால் நடுவில் ஒரு அங்குலம்தான் தெரியும். பிளைவுட் 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் ரகம்) உள்ளதாகவும், மைக்கா உள்ளேயும் ஒட்டியதாகவும் இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கதவு வளையும்.

உள் நிலை வைக்கும் அன்று நீங்கள் அங்கே இருங்கள். தண்ணீர் டியூப் பிடித்து, டைல்ஸ் போட்ட பிறகு வரும் தரைமட்டத்தைச் சுவரில் கோடு போடச் சொல்லுங்கள். 7 அடியை அந்தக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். இப்போதிருக்கும் தரையிலிருந்து அளந்தால், கலவையும் டைல்ஸும் ஏறியதும் கதவின் அடியை அறுக்க வேண்டி வரும்.