டிஎச்எஸ் தரவு: எச்ஐவி பரிசோதனை செய்யும் இடம் தெரிந்த பெண்கள் – என் கணக்கு அறிக்கையோடு ஒட்டவில்லை, உதவி தேவை

கதிர்நிலா:

வணக்கம். மலாவி நாட்டின் 2015-16 டிஎச்எஸ் (மக்கள்தொகை, உடல்நலம் பற்றிய வீட்டுவாரிக் கணக்கெடுப்பு) தரவில், எச்ஐவி பரிசோதனை செய்யும் இடம் ஒன்றாவது தெரிந்த பெண்கள் எத்தனை சதவீதம் என்று மாவட்டவாரியாக எடுக்க வேண்டும். அதற்கு முன் நாடு முழுவதற்குமான எண் அறிக்கை அட்டவணையோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கிறேன். ஒத்துப்போகவில்லை. என்னுடையது மிகவும் குறைவாக வருகிறது.

செய்தது இவ்வளவுதான். பெண்களின் பதில்கள் இருக்கும் ஐஆர் கோப்பில் வி783 மாறியை (பரிசோதனை செய்யும் இடம் தெரியுமா என்ற கேள்வி) எடுத்தேன். வி005-ஐ 10 லட்சத்தால் வகுத்து வெயிட்டாக (மாதிரியை நாட்டு மக்களோடு சமன் செய்யும் எடை) போட்டேன். "ஆம்" சொன்னவர்களின் சதவீதத்தை எடுத்தேன். மென்பொருள் ஆர். மொத்தப் பெண்கள் 24,562 பேர், அது அறிக்கையோடு சரியாக இருக்கிறது. ஆனால் வி783-ல் பெரும்பாலான வரிசைகள் காலி. கோப்பை ஏற்றும்போது ஏதாவது விட்டுப்போகிறதா, அல்லது அந்தக் கேள்வியைச் சிலரிடம் மட்டும்தான் கேட்டார்களா?

இது முடிந்ததும் மலாவியின் 2019-20 எம்ஐசிஎஸ் (யுனிசெஃப் ஆதரவில் நடக்கும் வீட்டுவாரிக் கணக்கெடுப்பு) தரவோடு ஒப்பிட வேண்டும். அதில் கவனிக்க வேண்டியது இருந்தாலும் சொல்லுங்கள்.

மாதிரிக்கூறு:

கோப்பு நன்றாகத்தான் ஏறியிருக்கிறது. காலியாக இருப்பது கேள்வித்தாளின் ஓட்டத்தால். எச்ஐவி பற்றிய பிரிவில் "இதுவரை பரிசோதனை செய்திருக்கிறீர்களா" என்று முதலில் கேட்பார்கள். செய்தவரிடம் எப்போது, எங்கே, முடிவு கிடைத்ததா என்று போய்விடும். "பரிசோதனை செய்யும் இடம் எதுவும் தெரியுமா" என்ற கேள்வி செய்யாதவரிடம் மட்டும்தான் போகும். பரிசோதனைக்குப் போய்வந்தவரிடம் இடம் தெரியுமா என்று கேட்பதில் பொருள் இல்லையே. எச்ஐவி, எய்ட்ஸ் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்பவர், அதாவது வி751 பூஜ்யமாக இருப்பவர், இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுவார்.

ஆகவே தொகுதியில் (பின்னத்தின் மேல் எண்ணில்) இரண்டு கூட்டம் வர வேண்டும்: வி781 = 1, அதாவது எப்போதாவது பரிசோதனை செய்தவர்; அல்லது வி783 = 1, அதாவது செய்யாவிட்டாலும் இடம் தெரிந்தவர். பகுதியில் (பின்னத்தின் கீழ் எண்ணில்) 15 முதல் 49 வயது வரையுள்ள எல்லாப் பெண்களும் வர வேண்டும், கேள்விப்படாதவர் உட்பட.

கணக்குக்காக 100 பெண்களை வைத்துக்கொள்ளுங்கள் (கற்பனை எண்கள், மலாவியின் எண்கள் அல்ல). கேள்விப்படாதவர் 2, பரிசோதனை செய்தவர் 75, மீதி 23. அந்த 23-ல் இடம் தெரிந்தவர் 17, தெரியாதவர் 6. வி783-ஐ மட்டும் எடுத்தால் 17/23, அதாவது 73.9 சதவீதம். உங்களுக்கு வருவது இந்த வகை எண். சரியான கணக்கு 75 + 17 = 92, கீழே 100. அதாவது 92 சதவீதம்.

கதிர்நிலா:

மிக்க நன்றி. வி781 = 1 அல்லது வி783 = 1 என்று மாற்றியதும் அறிக்கையின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் இப்போது அறிக்கையைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. ஸ்டேட்டா மென்பொருளில் இதே வரியைப் போட்ட தோழி ஒருவருக்கு அறிக்கையின் எண் அப்படியே வருகிறது. வெயிட் ஒன்று, கோப்பு ஒன்று. வேறென்ன மாறும்?

மாதிரிக்கூறு:

காலி மதிப்பை இரண்டு மென்பொருளும் வேறு வேறு விதமாக நடத்துகின்றன. ஸ்டேட்டாவில் காலி மதிப்பு 1-க்குச் சமமா என்று கேட்டால் "இல்லை" என்று பூஜ்யம் கொடுத்துவிடும். ஆகவே கேள்விப்படாத பெண்ணும் "தெரியாது" என்று பகுதியில் உட்கார்ந்துவிடுவார். ஆர் அப்படியில்லை. "உண்மை அல்லது காலி" என்றால் உண்மை தரும். "பொய் அல்லது காலி", "காலி அல்லது காலி" இரண்டுக்கும் காலிதான் தரும். அந்தப் பெண்கள் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன 100 பேரில் அந்த 2 பேர் விழுந்தால் 92/98 = 93.9. கூடுதல் அங்கிருந்துதான் வருகிறது. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளும் இந்த விஷயத்தில் ஆர் போலத்தான்.

தீர்வு: ஆரில் இரண்டு சமக்குறிக்குப் பதிலாக, இரு சதவீதக் குறிகளுக்கு நடுவே "இன்" என்று எழுதும் செயற்குறியைப் போடுங்கள். அது காலிக்கும் "பொய்" என்றே சொல்லும். எஸ்பிஎஸ்எஸ் என்றால் புதிய மாறியை முதலில் எல்லாருக்கும் 0 என்று வைத்துவிட்டு, பிறகு நிபந்தனைப்படி 1 ஆக மாற்றுங்கள். முடிந்ததும் அட்டவணை எடுத்து 0 + 1 கூட்டுத்தொகை 24,562 வருகிறதா என்று பாருங்கள். வெயிட் போட்ட பின்னும் தேசிய அளவில் அதே எண்தான் வர வேண்டும், வி005 அப்படித்தான் சமன் செய்யப்பட்டிருக்கிறது. கூட்டுத்தொகை குறைந்தால் யாரோ விழுந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. சிலர் எச்ஐவி என்று பெயரில் இருப்பதால் எச்ஐவி05 வெயிட்டைப் போட்டுவிடுவார்கள். அது இரத்தப் பரிசோதனை முடிவுகள் இருக்கும் ஏஆர் கோப்பின் வெயிட். மலாவியில் இரத்தம் எடுத்தது மூன்றில் ஒரு பங்கு வீடுகளில்தான். நீங்கள் அந்தக் கோப்பை இணைத்து, தொற்றுள்ளவர் இல்லாதவர் என்று பிரித்துப் பார்க்கும்போது மட்டும் அது வேண்டும். விழிப்புணர்வுக் கேள்விக்கு வி005 போதும்.

நெய்தல்:

கணக்கு சரியாகிவிட்டது, நல்லது. ஆனால் அந்த ஒற்றை எண்ணை மாவட்டவாரியாக வரைபடத்தில் போடுவதற்கு முன் அது எதை அளக்கிறது என்று பாருங்கள். மேலே இருக்கும் எடுத்துக்காட்டிலேயே தெரிகிறது: 92-ல் 75 பரிசோதனை செய்தவர்கள். பெயர் "இடம் தெரியும்" என்று இருந்தாலும் எண்ணைத் தூக்கி நிறுத்துவது பரிசோதனை அனுபவம்தான்.

மலாவியில் இதற்குக் காரணம் உண்டு. 2011-ல் அந்த நாடு ஆப்ஷன் பி பிளஸ் திட்டத்தைத் தொடங்கியது. கர்ப்பிணியிடம் தொற்று கண்டால், சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கைக்குக் காத்திராமல் வாழ்நாள் முழுதும் மருந்து. அதற்கு முதல் படியே கர்ப்பகாலப் பரிசோதனை என்பதால், அண்மையில் பிள்ளை பெற்ற பெண்களில் பரிசோதனை செய்தவர் மிக அதிகம். ஆகவே இந்தக் குறியீட்டில் இரண்டு மாவட்டங்கள் வேறுபட்டால், அது விழிப்புணர்வு வேறுபாடாக இல்லாமல் பிள்ளைப்பேறு, கர்ப்பகாலக் கவனிப்பு வேறுபாடாகவே இருக்கலாம்.

நான் எப்போதும் மூன்றாகப் பிரிப்பேன்: பரிசோதனை செய்தவர், செய்யவில்லை ஆனால் இடம் தெரியும், செய்யவும் இல்லை இடமும் தெரியாது. இந்த மூன்றையும் வி013 வயதுப் பிரிவு வாரியாகவும், திருமணமாகாதவர் வி501 = 0 என்றும் வெட்டிப் பாருங்கள். திட்டம் போடுபவருக்கு வேண்டியது கடைசிக் கூட்டம். 15-19 வயதில், திருமணமாகாத, கர்ப்பகாலக் கவனிப்புக்குப் போகவே வாய்ப்பில்லாத பெண்கள் அங்கேதான் இருப்பார்கள். 90-க்கு மேல் நிற்கும் தேசிய சதவீதம் அவர்களை முழுக்க மறைத்துவிடும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் அறிக்கையைப் படிப்பவர் "இங்கே வேலை முடிந்தது" என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்.

இரண்டாவது கூட்டத்தின் "தெரியும்" எவ்வளவு திடமானது என்றும் பார்க்கலாம். "அது எங்கே? வேறு இடம்?" என்ற தொடர்கேள்வியின் பதில்கள் வி784-இல் தொடங்கும் மாறிகளில் வரும். கோப்பில் அவை நிரம்பியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், சில நாடுகளில் முழுக்கக் காலியாக இருக்கும். பரிசோதனை செய்தவர் போன இடம் வி842-இல், கர்ப்பகாலத்தில் செய்திருந்தால், மற்றபடி வி829-இல். வி829-ல் வீட்டுக்கு வந்து பரிசோதித்தது என்று பதில் இருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு இடம் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் நிலையான கணக்கு அவரையும் தெரிந்தவராகவே எண்ணும். அறிக்கையோடு ஒப்பிடும் எண்ணிலிருந்து அவரை நீக்காதீர்கள். தனி வரியாகக் காட்டுங்கள்.

சுயபரிசோதனைக் கருவி பற்றிய வி856 வேறு கேள்வி. கருவியைக் கேள்விப்பட்டிருந்தால் இடம் தெரியும் என்று சேர்த்துவிட வேண்டாம்.

தென்றல்வாணி:

எம்ஐசிஎஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அது என் பக்கம். ஆறாம் சுற்றில் இந்தக் குறியீட்டின் எண் டிஎம்.32. ஐந்தாம் சுற்றில் இதே குறியீடு 9.4 என்று இருந்தது. வரையறை டிஎச்எஸ் போலத்தான்: 15-49 வயதுப் பெண்கள் எல்லாரும் பகுதியில். இடம் தெரியுமா என்ற கேள்வி எச்ஏ27. அதற்கும் பரிசோதனை செய்யாதவர்தான் வருவார்.

தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. டிஎச்எஸ்-ல் வி781 ஒரே மாறியில் எல்லாப் பரிசோதனையையும் திரட்டி வைத்திருக்கும். எம்ஐசிஎஸ்-ல் அப்படி யாரும் திரட்டித் தரமாட்டார்கள். கர்ப்பகாலத்தில் செய்தது தனிக் கேள்வி, பிரசவத்தின்போது செய்தது தனிக் கேள்வி, மற்றவர்களுக்கான "எப்போதாவது செய்திருக்கிறீர்களா" எச்ஏ24 என்று தனிக் கேள்வி. எச்ஏ24-ஐயும் எச்ஏ27-ஐயும் மட்டும் எடுத்தால், கர்ப்பகாலத்தில் பரிசோதிக்கப்பட்ட தாய்மார்கள் முழுக்க "தெரியாது" பக்கம் போய்விடுவார்கள். மலாவி போன்ற நாட்டில் எண் சரிந்து, 2015-16-க்கும் 2019-20-க்கும் நடுவே விழிப்புணர்வு குறைந்துவிட்டது என்று ஒரு பொய்யான முடிவு கிடைக்கும். கேள்வி எண்களை அந்த நாட்டுக் கேள்வித்தாளிலேயே சரிபாருங்கள், நாட்டுக்கு நாடு சிறு மாற்றம் வரும்.

வெயிட் டபிள்யூஎம்வெயிட். இதை 10 லட்சத்தால் வகுக்கக் கூடாது, ஏற்கெனவே சமன் செய்த தசம எண். கோப்பில் பேட்டி முடியாத பெண்களின் வரிசைகளும் இருக்கும்; டபிள்யூஎம்17 = 1 என்று வடிகட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இல்லையென்றால், மேலே சொன்ன "எல்லாருக்கும் 0" முறையில் அவர்களும் "தெரியாது" என்று எண்ணிக்கைக்குள் வந்து வெயிட் போடாத எண்களைக் குழப்புவார்கள்.

கதிர்நிலா:

தேசிய எண் இப்போது தசமம் வரை அறிக்கையோடு ஒட்டிவிட்டது. மூன்றாகப் பிரித்தும் பார்த்தேன், 15-19-ல் படம் முற்றிலும் வேறாக இருக்கிறது. இரண்டு கேள்வி மிச்சம். மாவட்ட அளவில் 15-19 வயதில் "செய்யவும் இல்லை, தெரியவும் இல்லை" என்பதை எடுக்கலாமா? மலாவியில் 2013-14-ல் மருத்துவ நிலையங்களைக் கணக்கெடுத்த எஸ்பிஏ தரவு இருக்கிறது. ஒவ்வொரு கிளஸ்டருக்கும் (பேட்டிக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்த வீடுகளின் சிறு பகுதி) மிக அருகில் உள்ள பரிசோதனை நிலையம் எவ்வளவு தூரம் என்று பார்த்து இதோடு இணைக்கலாமா?

மாதிரிக்கூறு:

முதல் கேள்விக்கு: 24,562 பெண்களை 28 மாவட்டத்துக்குப் பிரித்தால் சராசரி 877 பேர், மாவட்டத்துக்குச் சுமார் 30 கிளஸ்டர். 15-19 என்று வெட்டினால் சில நூறு கூட வராது. அதில் பரிசோதனை செய்யாதவர் மட்டும் என்றால் இன்னும் சுருங்கும். பகுதியில் வெயிட் போடாத எண்ணிக்கை 25-க்குக் கீழே போனால் டிஎச்எஸ் அந்த எண்ணையே வெளியிடாமல் நட்சத்திரக் குறி போடும்; 25 முதல் 49 வரை என்றால் அடைப்புக்குறிக்குள் கொடுக்கும். அதையே பின்பற்றுங்கள். பகுதியை "15-19 வயதுப் பெண்கள் எல்லாரும்" என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான மாவட்டங்களில் தாங்கும். இல்லையென்றால் மாவட்டத்தை விட்டு வடக்கு, மத்திய, தெற்கு என்ற மூன்று மண்டலங்களோடு நில்லுங்கள்.

பிழை வரம்பு எடுக்கும்போது வி021 கிளஸ்டர், வி023 ஸ்ட்ராட்டா (மாதிரி எடுப்பதற்காக நாட்டைப் பிரித்த பிரிவுகள்). மலாவியில் 28 மாவட்டம், நகரம் கிராமம் என்று 56 ஸ்ட்ராட்டா, 850 கிளஸ்டர். வி023-ல் 56 வகை வருகிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 15-19 பெண்களை மட்டும் வடிகட்டி மற்றவரை நீக்கிவிட்டு, மாதிரி வடிவமைப்பை (கிளஸ்டர், ஸ்ட்ராட்டா, வெயிட்) மென்பொருளுக்கு அறிவிக்காதீர்கள். முழுக் கோப்பில் அறிவித்துவிட்டு அதன்பின் உட்குழுவாக எடுங்கள், இல்லையேல் சில கிளஸ்டர்கள் காணாமல் போய்ப் பிழை வரம்பு தவறாக வரும்.

நெய்தல்:

தூரம் பற்றி. எஸ்பிஏ மலாவியில் மாதிரி எடுக்காமல் நாட்டின் நிலையங்கள் எல்லாவற்றையும் சேர்க்க முயன்ற கணக்கெடுப்பு, அதனால் இணைக்கும் ஆசை நியாயமானதுதான். ஆனால் டிஎச்எஸ் கிளஸ்டரின் ஜிபிஎஸ் புள்ளி வேண்டுமென்றே நகர்த்தப்பட்டது. நகர்ப்புறம் 2 கிலோமீட்டர் வரை, கிராமம் 5 கிலோமீட்டர் வரை, கிராமக் கிளஸ்டர்களில் நூற்றில் ஒன்று 10 கிலோமீட்டர் வரை. பேட்டி கொடுத்தவரை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. அருகில் உள்ள நிலையம் எது என்பதே இந்த நகர்த்தலில் மாறிவிடும், குறிப்பாக நிலையங்கள் நெருக்கமாக இருக்கும் தெற்கு மண்டலத்தில். ஒற்றை நிலையத்தோடு இணைக்காமல், கிராமக் கிளஸ்டருக்கு 10 கிலோமீட்டர், நகருக்கு 5 கிலோமீட்டர் வட்டத்துக்குள் எச்ஐவி பரிசோதனை செய்யும் நிலையங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். மாவட்ட அளவில் நின்றாலும் பாதுகாப்பு, நகர்த்தலை மாவட்ட எல்லைக்குள் வைக்கத்தான் முயல்வார்கள்.

எஸ்பிஏ-வில் நிலையம் இருக்கிறது என்பதை மட்டும் எடுக்காமல், எச்ஐவி பரிசோதனைச் சேவை தருகிறதா, கணக்கெடுத்த அன்று பரிசோதனைக் கிட் கையிருப்பில் இருந்ததா என்ற பதில்களையும் எடுங்கள். இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவே சுமார் இரண்டு ஆண்டு இடைவெளி இருப்பதை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.