ஸ்டாண்டப் ஷோ பாதியில சீரியஸா மாறினா: எழுதி வெச்சதா, தானா வந்ததா?

அரைடிக்கெட்:
ஒரு மணி நேர சோலோ ஷோ. நாற்பது நிமிஷம் விடாம சிரிப்பு. அப்புறம் பேசறவர் அப்பா செத்த கதைக்குப் போறார், ஹாலே கப்சிப். இது ஸ்கிரிப்ட்லயே இருக்குமா, இல்ல மேடையில தானா வர்றதா? எப்படிக் கண்டுபிடிக்கறது? அந்த நேரம் ஆடியன்ஸ் கைதட்டலாமா, சிரிச்சா தப்பா?

கால்பேக்_கணக்கு:
சோலோ ஷோன்னா பெரும்பாலும் எழுதினதுதான். முதல் பத்து நிமிஷத்தைக் கவனிங்க. சின்ன ஜோக் ஒண்ணு வரும், கொஞ்சம் சீக்கிரமே முடிஞ்ச மாதிரி இருக்கும். பின்னாடி திறக்கப்போற கதவு அதுதான். ஆஸ்திரேலிய காமெடியன் ஹன்னா காட்ஸ்பியோட 'நானெட்' (நெட்ஃபிளிக்ஸ், 2018) இதுக்குச் சரியான உதாரணம். ஆரம்பத்துல பஸ் ஸ்டாப்புல நடந்த சண்டையைச் சிரிப்போட நிறுத்துவாங்க. கடைசியில அதே சம்பவம் உண்மையில எப்படி முடிஞ்சதுன்னு சொல்வாங்க. படம் பிடிக்கறதுக்கு முன்னாடி, 2017லயே அதை மேடை மேடையா பண்ணிட்டிருந்தாங்க.

ரெண்டாவது, சிரிப்பு விழற இடைவெளி. நல்ல செட்ல (ஒருத்தர் மேடையில பேசற மொத்தப் பகுதி) கால் நிமிஷத்துக்கு ஒரு சிரிப்பாவது வரும். சீரியஸ் பகுதிக்குத் தொட்டு முன்னாடி இருக்கறது பெரும்பாலும் பலமான ஜோக் பகுதியா இருக்கும், ஏன்னா பெரிய சிரிப்பு அடங்கினாதான் அமைதி ஆழமா இறங்கும். உள்ளேயும் நிமிஷம், ஒண்ணரை நிமிஷத்துக்கு ஒரு வரி மூச்சு விட வைக்கும். அது இல்லாம மூணு நாலு நிமிஷம் போச்சுன்னா இருமல், நாற்காலி சத்தம், போன் வெளிச்சம் எல்லாம் கிளம்பிடும்.

தானா வர்றதுக்கு வேற அடையாளம்: ஒரே தகவலை ரெண்டு தடவை சொல்வார், பாதி வாக்கியத்துல நிப்பார், டைம் லைட் (நேரம் முடியுதுன்னு காட்டற விளக்கு) எரிஞ்சும் இறங்க மாட்டார்.

பின்வரிசை_போர்டு:
லைட்டைப் பாருங்க, பாதி பதில் அங்கேயே இருக்கு. மேடை முழுக்க இருந்த வெளிச்சம் அரை நிமிஷம் எடுத்து மெல்ல ஒரே ஸ்பாட்டா சுருங்கினா, ஆபரேட்டர் கையில க்யூ ஷீட் (எப்ப எந்த லைட்னு எழுதின தாள்) இருக்குன்னு அர்த்தம். ஆரம்பத்துல ஓரமா தள்ளி வெச்ச மைக் ஸ்டாண்டை மறுபடி நடுவுக்கு இழுத்தாலும் அப்படித்தான்.

சவுண்டுல நடக்கற தப்பு ஒண்ணு: குரல் தணிஞ்சதும் ஆபரேட்டர் கெயினை (மைக் எவ்வளவு சத்தத்தை உள்ள வாங்கணும்ங்கற அளவு) ஏத்துவார், மானிட்டர் (பேசறவரைப் பார்த்து வெச்ச ஸ்பீக்கர்) கூவ ஆரம்பிக்கும். ஆனா தணிஞ்சு பேசறவர் மைக்கை வாய்க்குப் பக்கத்துல கொண்டுவந்திருப்பார். பேஸ்தான் (அடித்தொனி) வீங்கும், 'ப' வர்ற இடமெல்லாம் வெடிக்கும். 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஹை-பாஸ் (அதுக்குக் கீழ இருக்கற அடித்தொனியை வெட்டற ஃபில்டர்) போட்டுட்டு ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற தள்ளுகுமிழ்) மட்டும் லேசா தூக்கினா போதும்.

கிளப்புல இன்னொரு தலைவலி பில். கடைசி கால் மணி நேரத்துலதான் டேபிள் டேபிளா பில் வரும், கனமான பகுதியும் அப்பதான் வந்து விழும். மேனேஜர்கிட்ட முன்கூட்டியே நிமிஷக் கணக்கு சொல்லி வைக்கணும்.

லைனப்_ஹோஸ்ட்:
ஆடியன்ஸ் பத்தின கேள்விக்கு. அமைதிக்கு நடுவுல கைதட்டாதீங்க. நல்ல எண்ணத்துலதான் தட்டறீங்க, ஆனா அந்தத் தட்டல் விஷயத்தை முடிச்சு வெச்சிடும். அவர் நன்றி சொல்லிட்டு விட்ட வரியைத் தேடணும். "நாங்க இருக்கோம்"னு கத்தறதும் அப்படித்தான். சிரிப்பு வந்தா சிரிங்க, அடக்க வேண்டாம். பதட்டச் சிரிப்பு வரும்னு எழுதினவருக்குத் தெரியும். வெளியே போகணும்னா அடுத்த சிரிப்பு வரைக்கும் பொறுத்து எழுந்திருங்க.

நாலஞ்சு பேர் பேசற லைனப் ஷோல பத்து நிமிஷ செட் சீரியஸா முடிஞ்சா வேலை ஹோஸ்ட்டுக்குத்தான். ஏறினதும் ஜோக் அடிச்சா அசிங்கமா இருக்கும். ரெண்டு வரி மதிப்பா சொல்லி, இன்னொரு கைதட்டல் வாங்கிக் கொடுத்துட்டு, ரெண்டு நிமிஷம் லேசான க்ரவுட் வொர்க் (ஆடியன்ஸோட நேரா பேச்சு) பண்ணி, அப்புறம்தான் அடுத்தவர் பேரைச் சொல்லணும். நேரா கூப்பிட்டா அந்த ஆளோட முதல் மூணு ஜோக் காலி.

அரைடிக்கெட்:
நன்றி. அப்ப இந்த மாதிரி பகுதியை அஞ்சு நிமிஷ ஓபன் மைக்ல (யார் வேணா ஏறிப் பேசற மேடை) டெஸ்ட் பண்ண முடியுமா?

கால்பேக்_கணக்கு:
முடியாது. யாருன்னே தெரியாத ஆள் துக்கம் சொன்னா ஹால் பயந்துடும். ஓபன் மைக்ல அதுக்குள்ள வர்ற ஒற்றை வரி ஜோக்குகளை மட்டும் தனியா எடுத்துப் பார்க்கலாம். முழுப் பகுதிக்குக் குறைஞ்சது இருபது, முப்பது நிமிஷ ட்ரையல் ஷோ வேணும். ஆடியோ ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா, கவனிக்கற அமைதியில இருமல்கூட இருக்காது. கைவிட்ட அமைதியில கிளாஸ் சத்தம் கேக்கும்.

லைனப்_ஹோஸ்ட்:
"எழுதினதா, தானா வந்ததா"ன்னு ரெண்டாப் பிரிக்கறதை மட்டும் நான் முழுசா ஏத்துக்கல. அமெரிக்க காமெடியன் டிக் நோட்டாரோ 2012 ஆகஸ்ட்ல லாஸ் ஏஞ்சலஸ் மேடையில ஏறினதுமே தனக்குக் கேன்சர்னு சொன்னாங்க, டயக்னோசிஸ் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. விஷயம் புத்தம் புதுசு, ஆனா டைமிங் பல வருஷப் பழக்கம். வழக்கமான ஜோக்குக்குத் திரும்பட்டுமான்னு கேட்டப்ப வேண்டாம்னுதான் ஆடியன்ஸ் சொன்னாங்க.