ஜூனிபரை மஸ்டாங் சரணாலயத்துக்கு அனுப்பிய அனுபவம்

நான் இருப்பது அமெரிக்காவின் கொலராடோவில். கைவிடப்பட்ட குதிரைகளை வைத்துப் பராமரிக்கும் ஒரு சின்ன இடத்தில் வார இறுதிகளில் வேலை செய்கிறேன். அங்கே வந்தவள்தான் ஜூனிபர்.

நெவாடா வெட்டவெளியில் பிறந்து, அரசு பிடித்துத் தத்து கொடுத்த மஸ்டாங் அவள்; அதாவது, கட்டின்றித் திரியும் அமெரிக்கக் காட்டுக் குதிரை. கழுத்தின் இடப்பக்கம் வெள்ளை மயிரில் வரிசையாகக் குறிகள் இருக்கும். திரவ நைட்ரஜனில் குளிரவைத்த இரும்பால் போடுவது அது; பிறந்த ஆண்டைக்கூட அதில் படித்துவிடலாம். முதுகு மேட்டிலும் இரண்டு வெள்ளைத் திட்டுகள். பொருந்தாத சேணம் நெடுநாள் அழுத்தினால்தான் அங்கே மயிர் அப்படி வெளுக்கும்.

1971-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் குதிரைகளைப் பாதுகாக்கிறது. ஆனால் தத்து எடுத்தவருக்கு ஓராண்டு கழித்து உரிமைப் பத்திரம் கிடைத்துவிட்டால், அப்புறம் அவர் விற்கலாம், ஏலத்திலும் விடலாம். அமெரிக்காவில் குதிரைகளை இறைச்சிக்காக வெட்டும் கூடங்கள் 2007-இல் மூடப்பட்டன. லாரிகள் அதற்குப் பிறகு மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் போயின. அப்படி ஓர் ஏலத்திலிருந்துதான் இவளை மீட்டார்கள்.

கையில் கயிற்றைப் பார்த்தாலே போதும், காதை மடக்கிப் பின்பக்கத்தைத் திருப்பிவிடுவாள். புல்லைப் போட்டுவிட்டு நாம் வேலிக்கு வெளியே போன பிறகுதான் வாய் வைப்பாள். முரட்டுக் குதிரை என்று முடிவு கட்டும் முன் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல், முதுகு, வயிறு எல்லாம் பார்த்தாயிற்று. வலி தீர்ந்த பிறகும் மனிதரை அவள் மன்னிக்கவில்லை. அதில் அவள்மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அதனால்தான் குதிரைகளை மந்தையாகச் சுதந்திரமாக வாழவிடும் ஒரு சரணாலயத்தைத் தேடினோம்.

சரணாலயம் என்றதும் பலருக்கு நினைவு வருவது, தீவனக் கொட்டடிகளில் அடைபட்ட மஸ்டாங்குகளைக் கண்டு மனம் பொறுக்காமல் டேட்டன் ஹைட் என்ற பண்ணையாளர் 1988-இல் சவுத் டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் அருகே தொடங்கிய பெரிய இடம். நாங்கள் அனுப்பியது அதைவிடச் சிறிய ஒன்றுக்கு. கேட்ட இடத்திலெல்லாம் "இடமில்லை" என்றுதான் முதலில் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு குதிரையை ஏற்றால் இருபது, இருபத்தைந்து வருடத் தீவனத்துக்குப் பொறுப்பேற்கிறார்கள்.

புறப்படும் முன் பெரிய வேலை லாடத்தைக் கழற்றுவது. லாடத்தோடு மந்தைக்குள் விட்டால் ஓர் உதையில் இன்னொரு குதிரையின் கால் எலும்பு முறிந்துவிடலாம். இவளோ காலைத் தொடவே விடமாட்டாள். மருத்துவர் மயக்க ஊசி போட்டார். தலை தொங்கி, கீழுதடு தளர்ந்ததும் லாடக்காரர் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். அந்த மயக்கத்திலேயே ரத்தமும் எடுத்தோம். தொற்று ரத்தசோகை இல்லை என்ற காகிதம் இல்லாமல் மாநில எல்லையைத் தாண்ட முடியாது.

அங்கே நேராக மந்தையில் விடவில்லை. முதலில் தனி அடைப்பு; அப்புறம் வேலிக்கு இந்தப்பக்கம் இவள், அந்தப்பக்கம் இரண்டு கிழட்டுப் பெண்குதிரைகள். கதவைத் திறந்த அன்று அவற்றில் மூத்தது இவளைப் புல்லருகே அண்டவே விடவில்லை, தோளில் ஒரு கடியும் வைத்தது. எனக்கு நெஞ்சு பதறியது. பொறுப்பாளர் அம்மா "விடுங்கள், அது பாடம் சொல்லிக்கொடுக்கிறது" என்றார். மாலைக்குள் ஜூனிபர் தள்ளி நின்று முறை வரும்வரை காத்திருக்கக் கற்றிருந்தாள். எங்களிடம் அவள் அப்படிப் பொறுமையாக நின்றதே இல்லை.

கழுத்துக் கயிற்றையும் முகவாரையும் கழற்றிவிட்டுத்தான் விட்டார்கள். மேய்ச்சல் நிலத்தில் அவை கிளையில் மாட்டினால் கழுத்துக்கே ஆபத்து.

நீங்களும் அனுப்ப நினைத்தால் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: விற்க மாட்டார்கள், இனப்பெருக்கத்துக்கு விட மாட்டார்கள், இடத்தை மூட நேர்ந்தால் முதலில் உங்களுக்குச் சொல்வார்கள். முடிந்த தொகையை மாதாமாதம் தீவனத்துக்கு அனுப்புங்கள். நாங்கள் அனுப்புகிறோம்.