விறகுக் கணப்பு நம் மலை வீடுகளுக்குள் எப்போது வரும்?

வட்டவடைக்காரன்:
வணக்கம். ஊர் மூணாறு மலைப்பக்கம் வட்டவடை, வேலைக்காகக் கொச்சியில் இருக்கிறேன். போன மார்கழியில் வீட்டில் நடந்ததிலிருந்து மனது சரியில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். எங்கள் வீடு சிமென்ட் பிளாக் சுவர், மேலே தகர ஷீட். ராத்திரி குளிர் தாங்காமல் அப்பா சமையல் அடுப்பிலிருந்து நெருப்புக் கங்குகளை ஓர் இரும்புச் சட்டியில் அள்ளிவந்து, படுக்கிற அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார். காலையில் அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. தலைவலி, வாந்தி. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே தூக்கி வந்து காற்றாட உட்கார வைத்த பிறகுதான் கொஞ்சம் தெளிந்தது. ஆஸ்பத்திரியில் கார்பன் மோனாக்சைடு என்றார்கள்.

அதன் பிறகு சட்டியைத் தொடுவதில்லை, ஆனால் குளிர் விடுமா? கரண்ட் ஹீட்டர் வாங்கிக் கொடுத்தேன், சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது, பில்லுக்குப் பயந்து அப்பா அதைப் போடுவதும் இல்லை. விறகுக்குப் பஞ்சமில்லை, சுற்றிலும் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம்தான். மூணாறு பக்கம் ஒரு ரிசார்ட்டில் கண்ணாடிக் கதவு வைத்த இரும்புக் கணப்பு பார்த்தேன், அறைக்குள் துளி புகை இல்லை, ஆனால் விலை நமக்கு எட்டாது. வீட்டுக்கு வீடு மிக்ஸி வந்த மாதிரி இப்படி ஒன்று வராதா? யாராவது கட்டியிருந்தால் சொல்லுங்கள்.

லயத்துப்பொண்ணு:
அண்ணா, முதலில் ஒரு விஷயம். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். புகை இருந்தால் இருமி எழுந்துவிடுவோம், புகையே இல்லாமல் சிவந்து கிடக்கிற கங்குதான் தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். தயவுசெய்து ஊரில் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

நான் மூணாறில் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள், இப்போது பின்லாந்தில் நர்ஸ். இங்கே நிறைய வீடுகளில் நடுக்கூடத்தில் செங்கல் அல்லது மாக்கல்லில் கட்டிய பெரிய கணப்பு இருக்கும். முதலில் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் நாள் முழுக்க நெருப்பு எரிவதில்லை. சாயங்காலம் ஒன்றிரண்டு மணி நேரம் காற்றை நன்றாக விட்டு வேகமாக எரித்துவிடுகிறார்கள், அந்தச் சூடான புகை நேராக மேலே போகாமல் உள்ளே செங்கல் வழியாக ஏறி இறங்கிச் சுற்றிவிட்டுத்தான் புகைபோக்கிக்குப் போகிறது, சூட்டைக் கல் வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் காலை வரைக்கும் மெதுவாக விடுகிறது. தொட்டால் இதமாக இருக்கும், சுடாது. நம் ஊர் எட்டு டிகிரிக் குளிருக்கு இதில் கால்வாசி போதும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மறையூர் கொத்தனார்:
தங்கச்சி சொன்னது சரி. நான் மறையூரில் வெல்லம் காய்ச்சுகிற அடுப்பு கட்டுகிறவன். கரும்புச் சக்கை போட்டு எரித்து, கொப்பரையை இறக்கிய பிறகு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள், அந்தச் சுவர் இன்னும் கதகதப்பாக இருக்கும், நாய் வந்து சாய்ந்து படுத்திருக்கும். அதே சங்கதிதான் இது.

பாலிடெக்னிக்கில் படிக்கிற என் மகள் ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தாள். செங்கல் ஒன்று ஏறக்குறைய 3 கிலோ, 330 கல் வைத்தால் ஒரு டன். அந்த ஒரு டன் 70 டிகிரியிலிருந்து 30-க்கு ஆறினால் வெளியே விடுகிற சூடு சுமார் 9 யூனிட் கரண்ட்டுக்குச் சமம், அதாவது ஒரு கிலோவாட் ஹீட்டரை ராத்திரி முழுக்க ஒன்பது மணி நேரம் போட்ட மாதிரி. காய்ந்த விறகு கிலோவுக்கு 4 யூனிட் சூடு இருக்கிறது, முக்கால் பாகம் கல்லில் ஏறினால் 3 கிலோ விறகு போதும். தம்பி, உங்கள் அப்பா ஒரு வேளை சோறாக்கவே அவ்வளவு விறகு எரிப்பார்.

ஆனால் விறகு காய்ந்திருக்க வேண்டும், இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. வெட்டிய கிராண்டிஸில் பாதி எடை தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே முக்கால் யூனிட் போய்விடும், நெருப்பும் குளிர்ந்து புகையும், அந்தப் புகைதான் எரியாமல் போகிற விறகு. தை, மாசியில் பிளந்து, மழை படாமல் காற்றோடுகிற இடத்தில் அடுக்கினால் அடுத்த குளிருக்குச் சரியாக இருக்கும்.

கட்டும்போது எரிகிற அறைக்கு மட்டும் அதிகச் சூடு தாங்குகிற ஃபயர் பிரிக், மற்றதெல்லாம் சூளைக் கல். சிமென்ட் பூசினால் சூட்டில் வெடிக்கும், களிமண்ணும் மணலும்தான். உள்கூட்டுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே அட்டை கனத்துக்கு இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கல் விரிந்து வெளிச்சுவரைப் பிளந்துவிடும். ஒரு டன் கனம், அதனால் தரையை உடைத்து அடித்தளம் போட்டுத்தான் எழுப்ப வேண்டும்.

கூடலூர் வாசகன்:
நாங்கள் டிரம்மை வெட்டி அடுப்பு செய்தோம், செலவு குறைவு. எரிகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார முடியாத சூடு, அணைந்து அரை மணியில் அறை பழையபடி ஜில்லென்று ஆகிவிடும். ராத்திரி முழுக்க நிற்கட்டும் என்று காற்றுத் துளையைப் பாதி மூடி வைத்தோம், அதுதான் தப்பு. விறகு மூச்சடைத்துப் புகைந்து, ஒரே சீசனில் குழாய்க்குள் தார் மாதிரி பிடித்து ஒருநாள் குழாயே தீப்பிடித்தது. தகர ஷீட் என்பதால் தப்பித்தோம், ஓலைக்கூரையாக இருந்திருந்தால் வீடு போயிருக்கும். இரும்பு என்றால் ஆள் விழித்திருக்கிற நேரத்துக்கு மட்டும், அப்புறம் தகர ஷீட்டுக்குக் கீழே சீலிங் அடிக்காமல் எந்தக் கணப்பு வைத்தாலும் வானத்துக்குத்தான் சூடு.

பாலக்காட்டு வாத்தியார்:
வீட்டுக்கு வீடு எப்படி வரும் என்ற கேள்விக்கு யாரும் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். 1983-ல் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்தது, 2002 வரை நடந்தது, கோடிக்கணக்கில் கட்டினார்கள். பல ஊர்களில் மானியம் வாங்கியதோடு சரி, புகைபோக்கி அடைத்ததும் சுத்தம் செய்ய ஆள் இல்லை, ஜனங்கள் இடித்துவிட்டுப் பழைய மூன்று கல்லுக்குப் போனார்கள். கேரளத்தில் சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் கொண்டுவந்த பரிஷத் அடுப்பு மட்டும் வேறு மாதிரி வேரூன்றியது. நான் அந்த நாளில் அவர்களோடு ஊர் ஊராகப் போனவன். எத்தனை அடுப்பு கட்டினோம் என்பதைவிட, ஒவ்வோர் ஊரிலும் கட்டத் தெரிந்த ஓர் ஆளை விட்டுவிட்டு வந்தோமா என்றுதான் எங்களுக்குள் கேட்டுக்கொள்வோம். கட்டினவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் விரிசல் விட்டாலும் கூப்பிடலாம்.

அமெரிக்காவில் 1988-லேயே விறகுக் கணப்பு எவ்வளவு புகை விடலாம் என்று சட்டம் போட்டுவிட்டார்கள், 2020-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். 2013-ல் வாஷிங்டனில் நல்ல கணப்புக்குப் போட்டியே வைத்தார்கள். நம் நாட்டில் அடுப்பு என்றால் சமையல் மட்டும்தான் கணக்கு, மலையில் குளிர் காய்கிறவர்களை எந்தத் திட்டமும் நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

வட்டவடைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், 3 கிலோ விறகு என்றதை நம்பவில்லை, இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அண்ணே, தனியாகக் கட்ட எங்கள் அறையில் இடம் இல்லை. சமையல்கட்டுக்கும் படுக்கிற அறைக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் ஏதாவது செய்யலாமா?

லயத்துப்பொண்ணு:
நானும் அதையே கேட்க நினைத்தேன். லயத்தில் வீடு கம்பெனியுடையது, ஒரு ஆணி அடிக்கவே கேட்க வேண்டும், அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். சமையல்கட்டில் ஏற்கனவே புகைபோக்கி உண்டு, விறகும் எஸ்டேட்டிலிருந்து வருகிறது. அதை வைத்தே ஒரு வழி இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

மறையூர் கொத்தனார்:
செய்யலாம். சீனாவில் வடக்கே காங் என்று ஒரு திண்ணை உண்டு, சமைக்கிற அடுப்பின் புகை அந்தத் திண்ணைக்குள் சுற்றிவிட்டு வெளியே போகும், அதன்மேல் படுப்பார்கள். அதே மாதிரி உங்கள் அடுப்புப் புகையை நடுச்சுவர் வழியாக எடுத்து, படுக்கிற அறைப் பக்கம் இரண்டடி உயரத் திண்ணைக்குள் ஒரு சுற்று விட்டு, மறுபடி அதே புகைபோக்கிக்குக் கொண்டுவரலாம். 150 கல் போதும், ராத்திரிச் சமையல் சூடே திண்ணையில் நிற்கும். மூன்று விஷயம் மட்டும் விடக் கூடாது. புகை போகிற வழி எங்கேயும் குறுகக் கூடாது, திருப்பத்துக்குத் திருப்பம் கரி வாருகிற மூடி வேண்டும், புகைபோக்கி கூரை முகட்டுக்கு மேலே இரண்டடியாவது நிற்க வேண்டும். திண்ணையில் விரிசல் தெரிந்தால் அன்றைக்கே களிமண் பூசிவிட்டுத்தான் படுக்க வேண்டும், ஏனென்றால் அம்மாவுக்கு வந்தது அந்த வழியாக மறுபடியும் வரும்.

தம்பி, அடுத்த வாரம் வட்டவடைக்கு ஒரு வேலையாக வருகிறேன், சுவரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அப்பாவை இப்போதே கொஞ்சம் கிராண்டிஸ் பிளந்து அடுக்கி வைக்கச் சொல்லுங்கள்.