பட்டிமன்றத்தில் எனக்கு நிலக்கரி அணி விழுந்திருக்கிறது: நேர்மையாகப் பேச இடம் உண்டா?

கேள்வி: தோவாளைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டம் அடுத்த மாதம் ஒரு பட்டிமன்றம் நடத்துகிறது. "நாடு நிலக்கரியைத் தொடர்ந்து தோண்ட வேண்டுமா, பசுமை ஆற்றலுக்கு மாற வேண்டுமா" என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு நிலக்கரி அணி கிடைத்தது. மொட்டை மாடியில் ஏறி நின்றால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் தெரிகிற ஊரில் இருந்துகொண்டு நிலக்கரிக்காக மேடையேறுவது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

எதிரணியில் பேசுபவர் எப்படித் தொடங்குவார் என்பது எனக்குத் தெரியும். 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இந்தியாவின் மின் நிறுவுதிறனில் (எல்லா நிலையங்களும் முழு அளவில் ஓடினால் தரக்கூடிய மின்திறனில்) பாதி, புதைபடிவ எரிபொருள் சாராததாக ஆகிவிட்டது என்பார். 2030-க்குள் 500 கிகாவாட், 2070-க்குள் நிகர சுழிய உமிழ்வு (வெளியிடும் கரிவாயுவும் உறிஞ்சப்படுவதும் சமமாவது) என்ற அரசின் அறிவிப்புகளை அடுக்குவார். நானும் பதிலுக்கு, 2024-25-இல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி முதன்முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது என்றும், சரக்கு வருவாயில் பாதியை ஒட்டிய பங்கு நிலக்கரியிலிருந்து வருவதால்தான் ரயில்வே நம்மைக் குறைந்த கட்டணத்தில் சென்னைக்குக் கொண்டுபோய் விடுகிறது என்றும் சொல்லலாம். ஆனால் இவை கைதட்டலுக்கு உதவுமே தவிர, எனக்கே நம்பிக்கை தரவில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த ஆடியிலேயே, சாலையோரப் பனைகள் வளைந்து ஆடும்போது, சில காற்றாலைகள் அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அது ஏன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற மின்பொறியாளர், நாகர்கோவில்

தம்பிக்கு வணக்கம். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் அணியின் பலமும் பலவீனமும் அதற்குள்தான் இருக்கின்றன.

நல்ல காற்றிலும் காற்றாலை நிற்பதற்குப் பழுதும் பராமரிப்பும் காரணமாக இருக்கலாம். ஆனால் பருவ மாதங்களில் பல நேரங்களில் காரணம் வேறு: அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ளத் தேவை இல்லை, அல்லது கொண்டுசெல்லக் கம்பித்தடத்தில் இடம் இல்லை. இதை நாங்கள் 'பேக் டவுன்' என்போம். மின்கட்டமைப்பில் உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி சமமாக இருந்தாக வேண்டும். ஆனி, ஆடி மாதங்களின் நள்ளிரவில் தேவை இறங்கிவிடும், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இறங்காது. அப்போது அனல்மின் நிலையங்களைத் தாழ்த்த வேண்டும். கொதிகலனோ வீட்டு எரிவாயு அடுப்பு அல்ல, திருகியவுடன் அணைத்துவிட்டு நினைத்தபோது பற்றவைப்பதற்கு. முழுதாக அணைத்த அலகை (கொதிகலனும் மின்னாக்கியும் சேர்ந்த ஒரு தொகுதியை) மறுபடி சூடேற்றி மின்தடத்தில் இணைக்கப் பல மணி நேரமும், அதற்கென்று தனியாக எண்ணெய்ச் செலவும் ஆகும். அதனால் அதை அணைக்காமல், தாழ்த்த முடிந்த அளவுக்குத் தாழ்த்தி ஓட விடுவார்கள். மத்திய மின்சார ஆணையம் 2023-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை, அலகுகள் முழுத் திறனில் 55 விழுக்காடு வரை இறங்கி ஓட வேண்டும், பின்னர் படிப்படியாக 40 விழுக்காட்டுக்கு வர வேண்டும் என்கிறது. அதற்குக் கீழே போக முடியாமல் ஓடும் ஒவ்வொரு அலகும் அந்த நள்ளிரவில் காற்றின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நிலக்கரி காற்றுக்குத் துணை என்று மேடையில் சொன்னீர்களானால், எதிரணியில் விவரம் தெரிந்தவர் இருந்தால் இந்த இடத்தில் பிடித்துவிடுவார்.

இப்போது உங்கள் பலத்துக்கு வருகிறேன். நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. பெயர்ப்பலகையில் பாதி வந்துவிட்டது உண்மைதான். ஆனால் 2024-இல் நாடு பயன்படுத்திய ஒவ்வொரு பத்து யூனிட் மின்சாரத்திலும் ஏழுக்கும் மேல் நிலக்கரியிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் காற்றாலை நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியும், அந்தக் காற்று ஏறத்தாழ மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் நமக்குச் சம்பளம் தருகிறது. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது எந்த நாள் தெரியுமா? 2024 மே 2. கத்திரி வெயில் தொடங்கும் நேரம், பருவக் காற்று இன்னும் வந்து சேராத நேரம். பகலில் சூரியத் தகடுகள் தாங்குகின்றன. மாலை ஆறரைக்குப் பிறகு, ஊரெல்லாம் விசிறியும் குளிர்சாதனமும் ஓடும்போது, கொதிகலனை விட்டால் வேறு என்ன இருக்கிறது? சேமித்து வைக்கும் வசதி இன்னும் சிறியது. மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி, வேண்டும்போது இறக்கிவிடும் கடம்பாறை நிலையம் 400 மெகாவாட்தான். நீலகிரியில் குந்தாவில் கட்டப்படுவது 500 மெகாவாட். நம் மாவட்டத்துக் கோதையாறு இரண்டு நிலையங்களும் சேர்ந்தே 100 மெகாவாட்தான். அதிலும் நீர் முதலில் பாசனத்துக்கு.

ஆனால் தம்பி, தலைப்பை மறுபடி ஒருமுறை வாசியுங்கள். "தோண்ட வேண்டுமா" என்று கேட்கிறார்கள், "எரிக்க வேண்டுமா" என்று கேட்கவில்லை. நான் மேலே சொன்னவை யாவும் இருக்கிற கொதிகலன்களை இன்னும் சில ஆண்டுகள் வைத்திருப்பதற்கான வாதங்கள். புதிய சுரங்கம் திறப்பதற்கு அவை போதா. ஒரு சுரங்கத்தில் போட்ட பணம் திரும்ப முப்பது, நாற்பது ஆண்டுகள் தோண்ட வேண்டும். இன்று திறந்தால் 2060-களில்தான் மூட மனம் வரும், 2070-க்கு நாம் கொடுத்த வாக்கோ வாசலில் நிற்கும். கொதிகலனை ஆண்டில் நூறு நாள் மட்டும் ஓட்டி, காப்புக்காக வைத்துக்கொள்ளலாம். சுரங்கத்தை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. அதனால் உங்கள் அணியின் எல்லையை நீங்களே குறுக்கிக்கொள்வது நல்லது: இருப்பதை அவசரப்பட்டு மூடாதீர்கள் என்று மட்டும் பேசுங்கள்.

பதில் 2: தக்கலையிலிருந்து ஒருவர்

பொறியாளர் ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. எனினும் "இருப்பதை மூடாதீர்கள்" என்ற சொல்லில் ஒரு வழுக்கல் இருக்கிறது. என் தகப்பனாருக்கு வேலை நெய்வேலியில்; நான் வளர்ந்ததும் அங்கேதான். அந்த நகரத்தின் அகலமான தெருக்களும் பள்ளிக்கூடங்களும் எனக்குத் தந்ததை மறக்க மாட்டேன். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1962-இல் அனல்மின் உற்பத்தி ஆரம்பித்த காலத்தில், சென்னை மாநிலமாக இருந்த இந்த நிலத்தின் தொழில் வளர்ச்சிக்கு அது எவ்வளவு பெரிய கைகொடுத்தது என்பதை உங்கள் அணி தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் திறந்தவெளிச் சுரங்கம் ஒரே இடத்தில் நிற்கிற பொருள் அல்ல, அது நகரும். முன்பக்கம் நிலத்தைத் தின்றுகொண்டு, பின்பக்கம் மண்ணைக் கொட்டிக்கொண்டு போகும். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மேல்மண்ணை அகற்ற வேண்டும். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்ற வேண்டும். நிறுத்தினால் சுரங்கத்தின் அடித்தளமே பொங்கிவிடும். ஆகவே "இருக்கிற சுரங்கம்" என்றாலே அடுத்த ஊரின் வயல் என்று பொருள். 2023 ஜூலையில் நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டியதை நாடே பார்த்தது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடும் தரப்பட்டது என்றது நிர்வாகம். சட்டப்படி அது எப்படியோ, பயிர் நின்ற நிலம் அது. அதே ஆண்டு ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி ஆகிய மூன்றும் மத்திய அரசின் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் இருப்பது தெரிந்ததும் டெல்டாவே எழுந்து நின்றது. சில நாட்களில் அவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. வடசேரி என்றதும் நம் நாகர்கோவில் வடசேரி நினைவுக்கு வந்து ஒரு கணம் திடுக்கிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியே நிலக்கரியைக் கைவிடுகிறது என்று மேற்கோள் காட்டுபவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். அங்கே கருநிலக்கரிச் சுரங்கங்களில் கடைசியானதை 2018 டிசம்பரில் மூடினார்கள். ஆனால் பழுப்பு நிலக்கரியை இன்னும் தோண்டுகிறார்கள். அதற்காக 2023 ஜனவரியில் லுட்சராத் என்ற சிற்றூரைக் காலிசெய்தார்கள். நாம் கற்க வேண்டிய பாதி வேறு. 2038-க்குள் முடிப்பது என்று சட்டத்தில் ஆண்டு எழுதினார்கள், சுரங்க வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கினார்கள். இங்கே அப்படி ஒரு தேதி எழுதப்பட்டால், நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும் என்று எதிரணியைக் கேளுங்கள். நிரந்தரப் பணியாளருக்காவது ஓய்வூதியம் பற்றிய பேச்சு இருக்கும்.

பதில் 3: இனயம் கடற்கரைப் பெண்

தோவாளை அண்ணாச்சி, பசுமை அணியிடம் கேட்பதற்கு என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. பசுமை ஆற்றலுக்குத் தோண்டவே வேண்டாம் என்று யார் சொன்னது?

எங்கள் கரையின் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் என்ற கனிமங்கள் எல்லாம் உண்டு, மோனசைட்டும் உண்டு. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அன்று ஐரோப்பியத் தெருக்களின் வாயு விளக்குகளில் எரிந்த திரிவலைக்கு (மேண்டிலுக்கு) தோரியம் தேவைப்பட்டது. அதற்காக எங்கள் மணல் கப்பலேறியது. இன்று அதே மோனசைட்டில் உள்ள நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள் காந்தம் செய்யத் தேவைப்படுகின்றன. அந்தக் காந்தம் காற்றாலைக்கும் மின்சார வாகனத்துக்கும் போகிறது. 2024-இல் கிள்ளியூர் வட்டத்துக் கடலோர ஊர்களில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டபோது, ஊர் ஊராக எதிர்ப்பு எழுந்து கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. மணல்மேடு எங்களுக்கு வெறும் மண் அல்ல. ஆனி, ஆடிக் கடலேற்றத்தில் வீட்டுக்கும் அலைக்கும் நடுவே நிற்பது அதுதான்.

இதனால் நான் நிலக்கரிப் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன. ஒரு தனிப் புயலுக்கு இன்னதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது; ஆனால் கடல் சூடாவது புயலுக்குத் தீனி என்பதும், கடல் சூடாவதற்குக் கரி எரிப்பதால் வரும் கரியமில வாயு ஒரு பெரிய காரணம் என்பதும் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. நான் கேட்பது வேறு. மன்னார் வளைகுடாப் பக்கம் கடலுக்குள் காற்றாலை நிறுத்தும் பேச்சு வந்துவிட்டது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தலா 500 மெகாவாட் என்று 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அந்தத் தூண்களுக்கு நடுவே வலை வீசலாமா, கூடாதா? இதைத் தூண் நட்ட பிறகு கேட்பதா, முன்பே கேட்பதா? வளையமாதேவியில் நடந்ததுபோலத்தான் எங்கள் கடலிலும் நடக்குமென்றால், அதன் பெயர் பசுமையாக இருப்பதால் எங்களுக்கு என்ன ஆகப்போகிறது?

பதில் 4: ஓய்வுபெற்ற மின்பொறியாளர், நாகர்கோவில்

மகளின் கேள்வி நியாயமானது. ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். முப்பந்தலில் தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் காற்றாலைகளில் பெரும்பாலானவை பல்சக்கரப் பெட்டியும் (கியர்பாக்ஸ்) தூண்டல் மின்னாக்கியும் (இண்டக்ஷன் ஜெனரேட்டர்) கொண்டவை. அவற்றில் அருமண் காந்தம் கிடையாது. இன்றைய பெரிய எந்திரங்கள் சிலவற்றிலும், குறிப்பாகக் கடலுக்குள் நிற்பவற்றிலும்தான் அது தேவைப்படுகிறது. ஆகவே எந்த வகை எந்திரம் என்பதைத் தேர்ந்தெடுப்பதும் எவ்வளவு மணல் தோண்டப்படும் என்பதில் ஒரு பங்கு வகிக்கிறது.

அளவையும் பார்க்க வேண்டும். 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் முழு அளவில் ஒரு நாள் ஓட ஏறத்தாழ 15,000 டன் நிலக்கரி வேண்டும். நாளைக்கு மறுபடி 15,000 டன். காற்றாலைக்கு ஒருமுறை தோண்டினால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஓடும். இழப்பு இரண்டிலும் உண்டு, ஒரே அளவில் இல்லை. கடலுக்குப் போகும் முன் கரையிலேயே செய்ய வேண்டியதும் மிச்சமிருக்கிறது. கணவாயின் மிகச் சிறந்த காற்றிடங்களில் இன்னும் அந்தப் பழைய சிறிய எந்திரங்களே நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நடுவதற்கு மாநில அரசு 2024-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. அதே நிலம், அதே காற்று, பல மடங்கு மின்சாரம்.

மறுமொழி: தோவாளைக்காரன்

பொறியாளர் ஐயாவுக்கும், தக்கலை அண்ணனுக்கும், இனயம் தங்கைக்கும் நன்றி. ரயில் கட்டண வாதத்தை எடுத்துவிட்டேன். புதிய சுரங்கம் வேண்டாம் என்று நானே முதலில் சொல்லிவிட்டு, மாலை ஆறரை மணிக்கும் மே மாதத்துக்கும் பதில் கிடைக்கும்வரை இருக்கிற கொதிகலனை வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் பேசப்போகிறேன். நிலக்கரி அணியில் இருந்துகொண்டு சுரங்கத்தை விட்டுக்கொடுத்தால் நடுவர் எனக்கு மதிப்பெண் குறைப்பாரோ என்று பயமாக இருக்கிறது, பரவாயில்லை.

எனக்குக் கொடுக்கப்பட்ட நேரமே எட்டு நிமிடம்தான்; கடலோரத்து மணல் பற்றிய கேள்வியை எதிரணியிடம் கேட்க அதற்குள் இடம் இருக்காது. தங்கை அன்று தோவாளைக்கு வர முடியுமானால், பார்வையாளர் கேள்வி நேரத்தில் அதை அவரே எழுந்து கேட்பது நன்றாக இருக்கும். கூட்டம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. மின்தடை வந்தால் நூலகத்தில் இன்வெர்ட்டர் இருக்கிறது.